மைனர் எண்டால் சோகம் எண்டு ஆர் சொன்னது?

கீபோர்ட் வகுப்போ, கிற்றார் வகுப்போ, யூரியூப் பாடமோ, நச்சுரல் மைனர் ஸ்கேல் வந்தவுடன் எங்களுக்குச் சொல்லித் தரப்படுவது ஒரே வசனம்தான்: மேஜர் சந்தோசம், மைனர் சோகம். அதோட பாடம் முடிஞ்சுது. இந்த வசனத்தைத் தூக்கி எறியச் சொல்கிறோம். இது எதையும் விளங்கப்படுத்தவில்லை.

அந்த ஸ்கேல் உண்மையில் என்ன? சுரங்களுக்கு இடையிலான தூரங்களின் ஒழுங்கு, அவ்வளவுதான். அரைச்சுரங்களாக எண்ணினால் 2, 1, 2, 2, 1, 2, 2. கீபோர்டில் ஏ-யில் தொடங்கி அடுத்த ஏ வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசியுங்கோ, ஏ மைனர் வந்துவிடும். சி மேஜருக்கும் இதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான். எந்தச் சுரத்தை வீடாக வைத்துத் திரும்பி வருகிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது. அப்ப சோகம் எந்தக் கட்டைக்குள்ள இருக்கு?

வீட்டிலிருந்து எண்ணும்போது மூன்றாம் சுரம் மேஜரை விட அரைச்சுரம் கீழே நிற்கிறது, அதனால் நிறம் மாறுகிறது என்பீர்கள். சரி. ஆனால் நிறம் வேறு, உணர்ச்சி வேறு. 1982இல் ரொக்கி 3 படத்துக்காக வந்த 'ஐ ஒஃப் த டைகர்' மைனரில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு ஆராவது அழுதவையா? எரிக் கிளப்டன் தன் மகனை இழந்த பிறகு எழுதிய 'ரியர்ஸ் இன் ஹெவன்' மேஜரில் இருக்கிறது. தாளம், வேகம், குரல், சொல் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பாட்டை அழவைக்கிறது.

இன்னொரு கோபமும் இருக்கு. 20ஆவது மேளகர்த்தாவான நடபைரவியின் சுரங்களும் இவைதான். சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்தால் நடபைரவி வரும் என்று கிரகபேதம் சொல்கிறது. சி மேஜரும் ஏ மைனரும் அதே கதை. ஒரே பிள்ளை வாய்ப்பாட்டு வகுப்பிலயும் கீபோர்ட் வகுப்பிலயும் இதை ரெண்டு தரம் பாடமாக்குது. ரெண்டும் ஒண்டு எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை.

அதற்காக ராகமும் ஸ்கேலும் ஒன்று என்று கதைக்கவும் நாங்கள் தயாரில்லை. நடபைரவியில் பிறந்த பைரவி ஏறும்போது சதுஸ்ருதி தைவதத்தைத் தொடும், இறங்கும்போது சுத்த தைவதத்துக்கு வரும். மேற்கத்தேய மெலோடிக் மைனரும் ஏறும்போது ஆறையும் ஏழையும் உயர்த்தி, இறங்கும்போது நச்சுரல் மைனராகவே திரும்பும். இரண்டு மரபுக்காரரும் சுரம் போகிற திசையைக் கேட்டிருக்கினம். ஆனால் கமகம் இல்லாமல் பைரவி இல்லை. ஒற்றுமையையும் வித்தியாசத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பாடம்.

இது வெறும் தியரிச் சண்டை இல்லை. எங்கட குறும்படங்களைப் பாருங்கோ. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் திரையில் வந்தவுடன் பின்னால் ஒரு மைனர் வயலின். அவ என்ன சொல்லுறா எண்டு கேட்க முதலே, எப்படி உணரவேண்டும் என்று எங்களுக்குக் கட்டளை வந்துவிடுகிறது. எங்கட செத்தவீடுகளில் பறை எந்த ஸ்கேலும் இல்லாமல் துக்கத்தைச் சுமக்கிறதே, அது காணாதா?

ஆகவே இசை படிக்கிறவையிடமும் படம் எடுக்கிறவையிடமும் கேட்பது இதுதான். சோகமா சந்தோசமா என்று கேட்க முதல், இந்தப் பாட்டுக்கு வீடு எது, அங்கே எப்படித் திரும்புகிறது என்று கேளுங்கோ. அந்தத் தாயின் காட்சியில் வயலினை நிறுத்திப்போட்டு ஒருக்கா அவவைக் கதைக்க விடுங்கோ.