எல்லாத்துக்கும் "ஏஐ"ன்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க

இன்னிக்குக் கோவில் அறிவிப்பு எதுவும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படிங்க.

நம்ம தொண்டர்கள் புலனக் குழுவுல ஒரு தம்பி மூணு படம் போட்டிருந்தார். பழைய அமெரிக்கத் தெரு, 1950கள் காலத்து கார், பின்னால வீடு, மரம். "இது பொம்மை கார்"னு கீழே எழுதியும் இருந்தார். அஞ்சு நிமிஷத்துல ஒருத்தர் "ஏஐ"ன்னார். அடுத்தவர் "ஏஐதான்." அதோட பேச்சு முடிஞ்சது. எனக்கு அது சரின்னு படலை.

அந்தப் படங்கள் மைக்கேல் பால் ஸ்மித் என்கிற அமெரிக்கர் எடுத்தவை. 'எல்ஜின் பார்க்'னு அவரே கற்பனையில உருவாக்கின ஊர். 2010லேயே இணையத்துல உலகம் முழுக்கப் பரவின படங்கள். அப்போ ஏது இந்த ஏஐ? மனுஷன் 2018ல் காலமாகிட்டார். கம்ப்யூட்டர்ல ஒட்டு வேலையும் செய்யலை. கேமராவும் சாதாரண சின்ன கேமராதான்.

செஞ்சது என்னன்னா, அசல்ல 24ல் ஒரு பங்கு இருக்கிற கார்களை வெளியில ஒரு மேசை மேல வச்சு, தூரத்துல இருக்கிற நிஜ வீடும் மரமும் பின்னால தெரியிற மாதிரி எடுத்தார். கேட்க லேசா இருக்கு. நான் ஃபேக்டரியில அளவு பார்த்தே காலம் ஓட்டுறவன், அதனால கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொம்மை கார் கேமராவுக்கு 1 மீட்டர் தூரத்துல இருந்தா, நிஜ கார் 24 மீட்டர் தள்ளி நிக்கிற அளவுலதான் தெரியும். நம்ம கண் உயரம் 160 சென்டிமீட்டர்னு வைங்க, 24ஆல் வகுத்தா 7 சென்டிமீட்டர்கூட வரலை. லென்ஸ் மேசையிலிருந்து அவ்வளவு உயரத்துலதான் இருக்கணும். கொஞ்சம் தூக்கிட்டா மேலே இருந்து பொம்மையைப் பார்க்கிற மாதிரி ஆயிடும். மேசை விளிம்பு பின்னால இருக்கிற நிஜ ரோட்டோட சேரணும். கிட்ட இருக்கிறதும் தூரத்துல இருக்கிறதும் ரெண்டும் தெளிவா விழணும். இதுக்குப் பெரிய கேமராவை விடச் சின்ன கேமராவே வசதி, பெரியதுல பின்னணி மங்கிடும். வெயில் ஒண்ணுதான், அதனால பொம்மைக்கும் வீட்டுக்கும் நிழல் ஒரே பக்கம் விழும், பாதி நம்பிக்கை அதுலேயே வந்துடும். தண்ணி மட்டும் ஏமாத்தாது. துளி எப்பவும் துளி அளவுதான்.

இதே வித்தையை வேற மாதிரியும் செய்யறாங்க. அன்னதானத்துல காய் நறுக்க வர்ற ஒரு அக்கா ஆன்லைன்ல பித்தளை குத்துவிளக்கு வாங்கினாங்க. படத்துல விளக்கு முன்னால, வாசல் கதவு எங்கேயோ பின்னால. பார்த்தா ரெண்டு அடி இருக்கும் போல. வீட்டுக்கு வந்தது 4 அங்குலம். கேட்டா, "அளவு கீழே போட்டிருக்கோமே"ன்னு பதில்.

சின்னதைக் கிட்ட வச்சுப் பெரியதைத் தூரத்துல வைக்கிறதுதான் ரெண்டுலயும் வேலை. ஆனா ஸ்மித் மேசையோட சேர்த்து எடுத்த படத்தையும் அவரே வெளியிட்டார். வித்தையைச் சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிடும்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு நேர்மாறு. அந்த மேசைப் படத்தைப் பார்த்த பிறகுதான் முதல் படத்தைப் பெரிசு பண்ணி ஓரம் ஓரமா தேடினேன். விளக்கு விற்றவர் அப்படி ஒரு படம் போட்டிருந்தா அந்த அக்கா வாங்கியே இருக்கமாட்டாங்க.

ஏஐ படமும் நிறைய வருது, இல்லைன்னு சொல்லலை. சந்தேகம் வந்தா "எப்படி எடுத்தீங்க தம்பி?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கையால செஞ்சவன் அரை மணி நேரம் சொல்லுவான்.

பிள்ளைங்க வீட்டுல பொம்மை கார் இருந்தா சாயங்கால வெயில்ல முயற்சி பண்ணச் சொல்லுங்க. கைப்பேசியைத் தலைகீழா பிடிச்சா லென்ஸ் மேசைக்குக் கிட்ட வந்துடும். எடுத்ததைக் குழுவுல போடும்போது, பின்னால நின்னு மேசையோட எடுத்த படத்தையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க.