பறக்கும் குதிரையும் சிறுவர் அலமாரியும்

சக இதழ் ஒன்றில் அண்மையில் உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலைப் பற்றி வாசகர் ஒருவரின் கருத்து ஒரு பக்கத்துக்கு வந்திருக்கிறது. குறைகள் மூன்று. நாவலில் போர் இல்லை. வில்லன் என்று சொல்லும்படி யாரும் இல்லை. மந்திரம் படிக்கப் பள்ளிக்கூடம் போகும் பையன் கதை ஏற்கெனவே உலகம் அறிந்த சரக்கு. ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், மற்றவர்கள் நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்பது தீர்ப்பு. எதையும் பிடிக்கவில்லை என்று சொல்ல வாசகருக்கு முழு உரிமை உண்டு. அவர் கருத்துக்குக் கீழே அந்த இதழ் சேர்த்திருக்கும் அடிக்குறிப்புதான் உறுத்துகிறது. மிகுபுனைவு எதுவானாலும் அது வாழ்விலிருந்து தப்பியோடும் வழியாம்.

மூன்றாவது குறையை ஒரு வரியில் முடித்துவிடலாம். லெ குவினின் நாவல் வெளிவந்தது 1968இல். கண்ணாடி போட்ட மந்திரப் பையன் லண்டனிலிருந்து கிளம்பியது 1997இல். பேரனின் ஜாடை இருக்கிறது என்று தாத்தாவைக் கோபித்துக்கொள்வது என்ன நியாயம்?

வில்லன் விஷயம் அப்படி எளிதில் விடக்கூடியதல்ல. ரோக் தீவின் பள்ளியில் கெட் என்ற பையன், சக மாணவன் ஜாஸ்பரிடம் தன் ஆற்றலைக் காட்டியே தீருவது என்ற வீம்பில், எப்போதோ இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அவளோடு ஒரு நிழலும் வந்துவிடுகிறது. திறந்த பிளவை மூடிய தலைமை மந்திரவாதி அந்த முயற்சியிலேயே உயிரை விடுகிறார். பிறகு பாதி நாவல் முழுக்க நிழல் துரத்துகிறது, கெட் ஓடுகிறான். பழைய குரு ஓகியனின் பேச்சைக் கேட்ட பின் கெட் துரத்துகிறான், நிழல் ஓடுகிறது. கடலின் கோடியில் சந்திக்கும் இரண்டும் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: கெட். வில்லனைக் காணோம் என்று புகார் கொடுப்பவர் இந்தப் பக்கத்தை எப்படித் தாண்டிப் போனார்?

போர் இல்லாததும் மறதியால் நேர்ந்ததல்ல. நன்மை தீமையைச் சொல்லப் போரை உருவகமாக்குவது குறுகலானது, ஆபத்தானது என்ற கருத்தைப் பிற்காலத்தில் எழுதிய பின்னுரையில் லெ குவினே முன்வைத்தார். பெண்டோர் தீவில் கிழட்டு டிராகன் யெவாட் கெட்டிடம் பேரம் பேசுகிறது: துரத்தும் நிழலின் பெயரைச் சொல்லித் தருகிறேன் என்கிறது. கெட் அதை ஏற்கவில்லை. டிராகனும் அதன் மக்களும் தீவுக்கூட்டத்தின் பக்கமே வரக்கூடாது என்ற சத்தியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தன் ஆபத்தோடு படகேறுகிறான். எந்தப் போர்க்கள அத்தியாயத்துக்கும் குறைந்த முடிவா இது?

இனி அந்தப் 'பன்னிரண்டு வயது'. பெர்க்லியின் பார்னாசஸ் பதிப்பகத்தார் பதின்வயதினருக்கு ஒரு நூல் கேட்டதால்தான் இந்த நாவல் எழுதப்பட்டது; அதில் ஒளிக்க எதுவும் இல்லை. அடுத்த ஆண்டே அதே எழுத்தாளரின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' வந்து, ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளையும் பெற்றது. இரண்டுக்கும் நடுவில் அவர் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை, அலமாரிதான் மாறியது. 1973இன் அமெரிக்க தேசிய நூல் விருது இதைவிட வேடிக்கை. எர்த்சீ வரிசையின் மூன்றாம் நூலான 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' சிறுவர் நூல் பிரிவில் பரிசு பெற்றது. அதே ஆண்டு, பெரியவர்களின் புனைகதைப் பரிசைப் பகிர்ந்துகொண்ட இரு நூல்களில் ஒன்று ஜான் பார்த்தின் 'கைமீரா'. ஷெஹரஸாத், பெர்சியஸ், சிறகு முளைத்த குதிரையில் பறக்கும் பெல்லரோஃபோன் எல்லாரும் அதில் உண்டு. குதிரை பறந்தால் பெரியவர்களுக்கு, டிராகன் பறந்தால் பிள்ளைகளுக்கு. சாவை வென்றுவிட்டதாகச் சொல்லும் ஒருவனால் உலகத்திலிருந்து பொருளே வடிந்துபோவதைப் பேசும் நாவலைச் சிறுவர் பிரிவில் வைத்த நடுவர்களை ஐம்பது ஆண்டு கழித்து இங்கே ஒருவர் வழிமொழிகிறார்.

இந்த வரிசையில் இவ்விதழின் பழைய காதல் இரண்டாம் நூல்தான்: 'தி டூம்ஸ் ஆஃப் அதுவான்'. தலைமைப் பூசாரினி இறந்த இரவில் பிறந்தாள் என்பதற்காகக் குழந்தையிலேயே கோயிலுக்கு எடுத்துப்போகப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்ட பெண் தெனார். விளக்கே ஏற்றக்கூடாத நிலவறைச் சுரங்கங்களை விரல்களால் தடவித் தடவியே அவள் மனப்பாடம் செய்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்த இருட்டுக்குள்தான். தான் வளர்க்கப்பட்ட நம்பிக்கைதான் தன் சிறை என்று ஒரு பெண் கண்டுகொள்வதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன யதார்த்த நாவல்கள் எத்தனை?

தப்பியோடுதல் என்ற குற்றச்சாட்டும் இந்த எழுத்தாளரிடம் எடுபடாது. லெ குவினின் தந்தை ஆல்ஃப்ரட் க்ரோபர் கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகளை ஆராய்ந்த மானுடவியலாளர். தாய் தியோடோரா, யாஹி குடியில் கடைசியாக எஞ்சிய இஷியைப் பற்றி 1961இல் நூல் எழுதியவர். அந்த வீட்டில் வளர்ந்தவரின் கெட் செம்பழுப்பு நிறத்தவன்; அவன் நண்பன் வெட்ச் கறுப்பன்; கிழக்கிலிருந்து வந்து கொள்ளையடிப்பவர்களே வெள்ளையர்கள். அட்டைப்பட ஓவியர்கள் பல ஆண்டுகள் கெட்டை வெளுத்தார்கள். 2004இல் தொலைக்காட்சித் தொடரும் வெள்ளை நடிகரையே போட்டபோது, லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

உண்மையான குறை ஒன்று அந்த வாசகர் கண்ணில் படவே இல்லை. ரோக் பள்ளியில் பெண்கள் படிப்பதில்லை. பெண்களின் மந்திரத்தைத் தாழ்த்திப் பேசும் பழமொழிகளை நாவல் சலனமில்லாமல் சொல்லிப் போகிறது. இதைக் கண்டவர் ஆசிரியரேதான். மூன்றாம் நூலுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல் 'டெஹானு' எழுதினார். நடுவயது விதவையாகத் தெனார், நெருப்பில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமி, ஆற்றலையெல்லாம் இழந்து திரும்பும் கெட். பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள்.

தொண்ணூறுகளில் மாய யதார்த்தத்தைத் தோளில் சுமந்து திரிந்த அதே சிற்றிதழ் உலகம்தான் இன்று மிகுபுனைவுக்கு வயதுச் சான்றிதழ் கேட்கிறது. மார்க்வெஸின் நாவலில், மகோந்தா என்ற ஊரில் ஒருத்தி படுக்கை விரிப்போடு வானேறினால் கண்டத்தின் அரசியல் என்றார்கள். போர்ஹேயின் நூலகத்தில் தொலைந்துபோவது மெய்யியல் என்றார்கள். மகோந்தா வந்தது 1967இல், எர்த்சீ அதற்கு மறு ஆண்டு. அந்தக் காலத்தில் மார்க்வெஸுக்கு எதிராக இதே 'தப்பியோடுதல்' வாதத்தை வைத்த முற்போக்கு விமர்சகர்களைக் கேலி செய்தவர்கள், அவர்களுடைய பழைய கோலை இப்போது எடுத்து வீசுகிறார்கள். விரிப்பில் பறக்க ஸ்பானிய மொழியில் அனுமதி உண்டு, பதின்வயதினருக்கு எழுதினால் கிடையாது என்று சொல்வது எந்தக் கோட்பாட்டின்படி என்று அடிக்குறிப்புக்காரர் விளக்கினால் நல்லது.

அடுத்த இதழில் 'டெஹானு' பற்றி விரிவான கட்டுரை வருகிறது. அந்த வாசகரின் மறுப்புக்கும் இடம் உண்டு. நாவலின் கடைசி அத்தியாயத்தை இன்னொரு முறை படித்துவிட்டு அவர் எழுத வேண்டும்.