பாண்டியனும் பெரட்டில் நின்றவர்களும்

வீரம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு எது நினைவுக்கு வருகிறது? சினிமாவில் ஒரே ஆள் பத்துப் பேரைப் புரட்டி எடுப்பதுதான். பார்க்கட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஜப்பான்காரன் காலத்தை வெறுங்கையோடு தாண்டி வந்த பரம்பரை நாம். அந்தக் காலத்தைச் சொல்லும் நாவல் ஒன்றை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'தான் அது. கேள்விப்பட்டு எழுதியவர் அல்ல சிங்காரம். சிங்கம்புணரியிலிருந்து இளவயதில் கப்பலேறி, சுமத்ராவின் மேடான் நகரில் கடைவேலை பார்த்தவர். யுத்தத்தைக் கண்ணால் கண்டவர். எழுதிய நாவல் 1972இல்தான் அச்சேறியது.

ஜப்பான் படை மேடானுக்குள் நுழையும்போது கதை தொடங்குகிறது. கடைச் சிப்பந்தி பாண்டியன் தோணியேறிப் புயலில் தப்பிப் பினாங்கு வருகிறான்; இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான்; யுத்தம் முடிந்த பிறகு டச்சுக்காரனை எதிர்த்த இந்தோனேசியக் கெரில்லாக்களோடும் நிற்கிறான். நமக்கு அவனிடம் பிடித்தது துப்பாக்கி அல்ல. எவன் பெருமை பேசினாலும், "அப்படியா?" என்று ஒரு கேள்வி போடுகிறானே, அதுதான். சொந்த இனத்தின் பழம்பெருமையைக்கூட அவன் சும்மா விடுவதில்லை. மேடையில் கைதட்டு வாங்கும் ஆசாமிகளுக்கு இந்தப் புத்தகம் கசக்கத்தான் செய்யும்!

இவ்வளவு சொன்ன பிறகு நம் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறோம். கதையின் நடுவே நிற்பவர்கள் கடைக்காரர்களும் படைவீரர்களும்தான். பாண்டியனுக்குப் போவதா இருப்பதா என்று தீர்மானிக்க ஒரு வழி இருந்தது. காலையில் பெரட்டில் நின்றவனுக்கு அது ஏது? தினம் ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, சில மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மசியாதவனைப் பிடித்து லோரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் என்று கூட்டி வைத்து, கதவைச் சாத்தி அள்ளிக்கொண்டு போனதும் உண்டு.

சயாமில் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் தண்டவாளம் இணைந்தபோது காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரம் ஆசியத் தொழிலாளிகளை விழுங்கியிருந்தன. காஞ்சனபுரியின் யுத்தக் கல்லறையில் வெள்ளைக்காரக் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாக இடம் இருக்கிறது. நம் ஆளுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது.

அங்கே எதிர்ப்பு என்பது என்ன? ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுக்குள் ஓடியதும் எதிர்ப்புத்தான். காய்ச்சலில் கிடந்தவனுக்குத் தன் பங்குக் கஞ்சியை ஊற்றியவனும், 'செத்தா சாவட்டும்' என்று விட்டுவிடாமல் முதுகில் தூக்கி வந்தவனும் வீரர்கள்தான். இங்கே மரவள்ளிக் கிழங்கை அவித்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிய தாய்மாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதே 1943இல் சிங்கப்பூரில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் துப்பாக்கி பிடித்தார்களே, அவர்களை நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சிங்காரம் தமக்குத் தெரிந்த உலகத்தை எழுதினார், அது குற்றமில்லை. நம் உலகத்தை நம்மவர்கள்தான் எழுத வேண்டும், எழுதியும் இருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' அதே தண்டவாளத்தின் கதை. பாண்டியனைப் படித்த கையோடு இந்த இரண்டையும் படியுங்கள். கோயில் திருவிழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு துளி போதுமே, மூன்று புத்தகமும் வாங்கிப் பொதுவில் வைக்கலாம்.

ரயிலுக்குப் போய் வந்தவர்கள் இன்று அநேகமாக இல்லை. அவர்களின் பிள்ளைகள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ அப்பாயியோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள். போனவர் பெயர், எந்தத் தோட்டம், திரும்பினாரா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிப் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையே எழுதுங்கள்.