பழைய கணினியை ஒதுக்க முன் ஒரு நிமிடம்

எங்கள் பாடசாலைக் கணினி அறையில் பத்துக் கணினிகள். நான்கு விண்டோஸ் 10, நான்கு விண்டோஸ் 7, இரண்டு எக்ஸ்பி காலத்துக் கிழவர்கள். பிரின்டர் ஒன்றே ஒன்று. தவணைப் பரீட்சை நெருங்கினால் பென்டிரைவும் கையுமாக ஆசிரியர்கள் அந்த ஒரு கணினிக்கு முன்னால் வரிசையில் நிற்போம். காலையில் ஒருவர் கொண்டு வரும் வைரஸ், மாலையில் எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சேரும்.

"பழசையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்குவோம், பெற்றோரிடம் கேட்போம்" என்று பேச்சு வந்தது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. 2022க்குப் பிறகு கொப்பி வாங்கவே கணக்குப் பார்க்கிற வீடுகள் இங்கே எத்தனை என்பது வகுப்பில் நிற்கிற எங்களுக்குத் தெரியும்.

இருப்பதை இணைத்துப் பார்த்தோம். ஒரு ஸ்விட்ச், கேபிள், ஒரு சனிக்கிழமை. அவ்வளவுதான். கேபிள் நுனிகளுக்கு ஆர்ஜே-45 பூட்டியது பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள். புத்தகத்தில் படமாகப் பார்த்த வலையமைப்பை அன்றுதான் கையால் தொட்டார்கள். எல்லாக் கணினிக்கும் ஒரே வேர்க்குரூப் பெயர் கொடுத்து, பிரின்டர் பூட்டிய கணினியில் அதை ஷெயார் செய்தோம். அந்தக் கணினி ஓனில் இருந்தால் எந்த மேசையிலிருந்தும் பிரின்ட் எடுக்கலாம்.

சிக்கல் எக்ஸ்பியில் வந்தது. கோப்புப் பகிர அதற்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய முறை மட்டும். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வொன்னாகிரை பரவியது அந்த ஓட்டையால்தான். அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10ஐப் புதிதாகப் போட்டால் எஸ்எம்பி1 கூடவே வருவதில்லை. "அதை ஓன் பண்ணினால் சரிதானே" என்றார்கள். இரண்டு கணினிக்காக எட்டுக் கணினியின் கதவைத் திறந்து வைப்பது புத்தியல்ல. அந்த இரண்டிலும் எக்ஸ்பியை நீக்கி இலவசமான லினக்ஸைப் போட்டோம். இப்போது அவையும் வலையமைப்பில் இருக்கின்றன.

பழையவை என்றென்றும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. ஆகவே இந்த வலையமைப்பை இணையத்தோடு தொடுக்கவில்லை. பரீட்சை வினாத்தாளைப் பொதுக் கோப்புறையில் வைப்பதுமில்லை. அதற்கு ஆசிரியர்களின் பாஸ்வேர்ட் போட்ட தனிக் கோப்புறை. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் இணைத்ததே வினையாகிவிடும்.

புதிய கணினி வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். ஒவ்வொன்றாக வரட்டும், இருக்கிற வலையமைப்போடு சேரட்டும். ஆனால் இருப்பதைப் பயன்படுத்திப் பார்க்காமல் பெற்றோர் முன் கை நீட்டுவது நியாயமில்லை.

ஊரில் இந்தத் தொழில் தெரிந்த பழைய மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் நாங்கள் காசு கேட்கவில்லை. சும்மா கிடக்கிற ஸ்விட்ச், மிச்சக் கேபிள், இல்லாவிட்டால் ஒரு சனிக்கிழமைக் காலை. அது போதும். பக்கத்துப் பாடசாலைகளும் கணினியை ஒதுக்க முன் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.