ரிப்போர்ட் நார்மல்னா வலி பொய்யா?

"கிருமி எதுவும் இல்லைங்க, எல்லாம் நார்மல்." இதைச் சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு மணி அடிக்கிற டாக்டர்களைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதுறேன். கூச்சமான விஷயம்தான். யாரும் பேசாததாலதான் நான் பேசுறேன்.

எனக்கு ஏழு மாசமா ஒண்ணுக்குப் போற வழியில எரிச்சல். போய்ட்டு வந்த பிறகும் ஊசி குத்துற மாதிரி ஒரு கடுப்பு. மூத்திரப் பரிசோதனை, கல்ச்சர், ஸ்கேன், சர்க்கரை எல்லாம் பார்த்தாச்சு. எதுலயும் ஒண்ணுமில்லை. ஆனா சீட்டுல மட்டும் ஆன்டிபயாட்டிக் தவறலை. ரெண்டு தடவை முழுசாச் சாப்பிட்டும் குறையலை. மூணாவது தடவை எழுதினப்ப கேட்டுட்டேன்: "கிருமி இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க, பிறகு எதைக் கொல்ல இந்த மாத்திரை?" பதில் இல்லை.

பூச்சியே இல்லாத வயல்ல மருந்து அடிச்சா நன்மை செய்யுற பூச்சிதான் சாகும். அடுத்து வர்றது மருந்துக்கு அடங்காது. இதை எங்களுக்கு வகுப்பு எடுக்கிற படிச்சவங்க, உடம்புன்னு வந்தா ஏன் மறந்துடுறாங்க? மண் பரிசோதனை சரியா இருந்தும் தென்னை வாடினா, மரம் நடிக்குதுன்னா சொல்வோம்? வேரைத் தோண்டிப் பார்க்க மாட்டோமா?

நாலாவதா பார்த்த டாக்டர்தான் கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். எப்பக் கூடுது, மலச்சிக்கல் உண்டா, மனசுல என்ன கவலைன்னு. கையால சோதிச்சுட்டு, இடுப்புக்கு அடியில சிறுநீர்ப்பையைத் தாங்குற தசை இறுகிக் கிடக்குன்னார். அது இறுகினா கிருமி இல்லாமலே எரியுமாம். அடிவயித்துக்கு மூச்சை இழுத்துத் தசையைத் தளர்த்துற பயிற்சி, பிசியோதெரபி, வெந்நீர் ஒத்தடம், டீ காபி குறைப்பு, இவ்வளவுதான் வைத்தியம். முழுசாப் போகலை. ஆனா ராத்திரி தூங்குறேன், காலையில மம்பட்டி பிடிக்கிறேன்.

எல்லாருக்கும் இதே காரணம்னு சொல்லலை. சாதா கல்ச்சர்ல கிளமிடியா தெரியாது, அதுக்குத் தனி டெஸ்ட் வேணும். மூத்திரப் பாதையில வர்ற காசநோய்க் கிருமியும் அதுல வளராது. நெகட்டிவ்னா, தேடின இடத்துல தேடின பொருள் கிடைக்கலைன்னு மட்டும்தான் அர்த்தம். ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, ஒண்ணுக்கே அடைச்சுக்கிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

டாக்டர் கைவிட்டா ஆம்பளை எங்க போவான்? பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கிற 'வைத்தியர்'கிட்ட. அவன் வாலிப வயசுத் தப்புன்னு பயமுறுத்தி ஆயிரக்கணக்குல கறந்துடுவான். பொம்பளை யார்கிட்டயும் போக மாட்டா. சூடுன்னு நினைச்சு கால் பெருவிரல்ல சுண்ணாம்பைத் தடவிக்கிட்டு, ஒதுங்க இடமில்லாத வயலுக்கு நடவுக்குப் போவா. ஒதுங்கணுமேன்னு தண்ணியும் குடிக்க மாட்டா. எரிச்சல் இன்னும் கூடும்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் ஊர்ல அப்பா அம்மா இருப்பாங்க. "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க"ன்னு அவங்க சொன்னா, நிம்மதியாப் போனை வச்சுடாதீங்க. "சரி, வலி போயிடுச்சா?"ன்னு கேளுங்க.