எந்த ஸ்கூல் தம்பி?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

கடைசிப் புரட்டாசி சனிக்கிழமை எங்க கோயில் அன்னதானத்துல எவ்வளவு கூட்டம்னு வந்தவங்களுக்குத் தெரியும். வரிசை வாசலைத் தாண்டி அஞ்சடி வரைக்கும் போயிடுச்சு. தொண்டூழியர்கள் நாங்க இருபது பேர். யாரு எங்க நிக்கணும்னு முன்னாடியே அட்டவணை போட்டிருந்தோம். எப்படிப் போட்டோம்னு இப்ப ஒத்துக்கறோம். தொடக்கக் கல்லூரிப் பிள்ளைங்களுக்குப் பதிவு மேசையும் லேப்டாப்பும். ஐடிஇ-ல படிக்கிற தம்பிக்குப் பாத்திரம் கழுவுற இடம். யாரும் வேணும்னு செய்யல, கை தானா அப்படி எழுதிடுச்சு.

பதினொன்றரை மணிக்கு வரிசை நகரவே இல்ல. சக்கர நாற்காலியில வந்த பாட்டிங்க வெயில்ல காத்திருந்தாங்க. சோறு போட ஆள் பத்தலன்னு நினைச்சு இன்னும் மூணு பேரைச் சேர்த்தோம். நெரிசல் கூடிச்சு. அப்பவும் நாங்க நினைச்சது தப்போன்னு யாருக்கும் தோணல. நாலாவது ஆளைத் தேடிக்கிட்டு இருந்தோம்!

அந்தத் தம்பி கையில சோப்பு நுரையோட வெளியே வந்து ரெண்டு நிமிஷம் சும்மா பார்த்தான். "அண்ணே, சோறு வேகமாத்தான் போகுது. தட்டு வாங்கினவங்க பக்கத்துலயே தண்ணிக்கு நிக்கிறாங்க, அதான் அடைக்குது"ன்னான். தண்ணி மேசையை சாப்பிடுற இடத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டான். பாட்டிங்களுக்குத் தட்டை நேரா கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னான். கால் மணி நேரத்துல வரிசை ஓட ஆரம்பிச்சிடுச்சு. வாரக்கடைசியில உணவங்காடி நிலையத்துல வேலை செய்யறானாம், அப்புறம்தான் தெரிஞ்சது.

சாயந்திரம் எங்க பெரியவர் ஒருத்தர் அவன் தோளைத் தட்டி, "எந்த ஸ்கூல் தம்பி?"ன்னு கேட்டார். ஐடிஇன்னான். "பரவாயில்ல, முயற்சி பண்ணு, முன்னுக்கு வரலாம்"னார். ஆசீர்வாதமாத்தான் சொன்னார். சுத்தி நின்ன நாங்க ஒரு வார்த்தை பேசல. அடுத்த சனிக்கிழமை தம்பி வரல. அதுக்கடுத்த வாரமும் வரல.

இந்த ஊர்ல பிள்ளைங்களைச் சின்ன வயசுலயே தரம் பிரிச்சுப் பழகிட்டோம். 1984-ல ஜிஇபி வந்துச்சு, தொடக்கநிலை மூணுல சோதனை வச்சு நூத்துல ஒரு பிள்ளையை எடுத்தாங்க. மறுபக்கம் இஎம்3. அந்த வகுப்புப் பிள்ளைங்க பட்ட பாட்டைத்தான் ஜாக் நியோ 2002-ல 'ஐ நாட் ஸ்டுப்பிட்'னு படமா எடுத்தார். ஐடிஇ-யை 'இட்ஸ் தி எண்ட்'னு கேலி பண்றதை தேக்கா காப்பிக்கடையிலயே கேட்டிருக்கோம். சிரிச்சும் இருக்கோம்.

அரசாங்கம் மாத்திக்கிட்டு வருது. 2008-ல இஎம்3 போச்சு. 2021-ல பிஎஸ்எல்இ டி-ஸ்கோர் போயி ஏஎல் வந்துச்சு. 2024-ல உயர்நிலை ஒண்ணுக்குப் போனவங்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலைப் பிரிவே இல்ல. அதே வருஷம் ஆகஸ்ட்ல பிரதமர் லாரன்ஸ் வோங் ஜிஇபி இப்ப இருக்கிற மாதிரி தொடராதுன்னு அறிவிச்சார். நம்ம வாய்தான் இன்னும் மாறல. 1905-ல பாரிஸ்ல ஆல்ஃபிரட் பினே புத்திச் சோதனையை உருவாக்கினதே, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேணும்னு கண்டுபிடிக்கத்தான்.

மார்க்கு வாங்கறது புத்தி இல்லன்னு நாங்க சொல்ல வரல. அந்த ஜேசி பிள்ளைங்க இல்லன்னா அன்னிக்கு அரிசிக் கணக்கே தடுமாறியிருக்கும். ஆனா கண்ணு முன்னாடி நடக்கறதைப் பார்க்கிறதும், யாரு கஷ்டப்படறாங்கன்னு கவனிக்கிறதும், முதல்ல நினைச்சது தப்புன்னா உடனே மாத்திக்கிறதும் புத்தியில சேராதா? படிப்பறிவு, பட்டறிவுன்னு தமிழ்ல ரெண்டு சொல் இருக்கு. ரெண்டாவதுக்கு நாங்க அட்டவணையில கட்டமே போடல.

தொண்டூழியர் படிவத்துல இருந்த 'பள்ளி' கட்டத்தை எடுத்துட்டோம். பெரியவர்கிட்டயும் பேசினோம், அவருக்கே மனசு கஷ்டமாயிடுச்சு. பிஎஸ்எல்இ முடிவு வரப்போகுது. அர்ச்சனை வரிசையில பிள்ளைங்களை வச்சுக்கிட்டே "எத்தனை ஏஎல்?"னு கேக்காதீங்க, ப்ளீஸ்.

தம்பிக்கு மெசேஜ் போட்டோம். "பார்க்கிறேன் அண்ணே"ன்னு மட்டும் வந்துச்சு. இதைப் படிச்சா, தண்ணி மேசை இப்பவும் நீ போட்ட இடத்துலதான்பா இருக்கு.

வர்ற சனிக்கிழமை காலை 6 மணிக்குக் காய் வெட்ட ஆறு பேர் வேணும். இன்பாக்ஸ்ல சொல்லுங்க.