ஒளி எங்கிருந்து விழுந்தது என்று சொல்லாத படம் சான்று ஆகாது

கல்வெட்டின் முப்பரிமாணப் படத்தை ஆய்வேட்டில் அச்சிட்டு, "இங்கே புள்ளி தெளிவாகத் தெரிகிறது" என்று கீழே எழுதும் வழக்கம் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெருகிவருகிறது. அந்தப் புள்ளியைக் காட்டியது கல்லா, மென்பொருளா என்று கேட்டால் ஆய்வேட்டில் விடை கிடைப்பதில்லை. ஒளி எந்தக் கோணத்தில் விழுந்தது, மேற்பரப்பு எவ்வளவு மழுக்கப்பட்டது, எந்தப் பதிப்பு மென்பொருள் படத்தை ஆக்கியது என்பன எங்கும் பதிவாவதில்லை. வாசகர் கையில் இருப்பது படமும், அதை நம்பச் சொல்லும் ஒரு வாக்கியமும் மட்டுமே.

இதை வெறும் தொழில்நுட்ப நுணுக்கம் என்று ஒதுக்குவோர், மொழி வரலாற்றில் ஒரு புள்ளி சுமக்கும் எடையை மறந்துவிடுகிறார்கள். தமிழ்-பிராமியில் ஒரு மெய்க்குறி தனி மெய்யா, அகரம் ஏறிய மெய்யா என்பது உயிர்க்குறிகளை எழுதிய முறையைப் பொறுத்தது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதும் அதில் அடங்கும். ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட பெருநூலில் இந்த எழுத்துமுறைகளை வகைப்படுத்தினார். காலக்கணிப்பு தொடர்பான பல வாதங்கள் அந்த வகைப்பாட்டைச் சார்ந்தே நடக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகள் வெயிலும் மழையும் பட்ட பாறையிலோ இயற்கையான குழிகள் ஏராளம். அவற்றுள் ஒன்றைப் புள்ளி என்று கொண்டால் ஒரு சொல் மாறும்; சொல் மாறினால் அதன்மேல் கட்டிய இலக்கண வாதமும் மாறும்.

முப்பரிமாண மாதிரியிலிருந்து படம் ஆக்குவதை ரெண்டரிங் என்கிறோம். அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. ஒளியைப் பாறைக்கு ஏறத்தாழ இணையாகச் சாய்த்தால் ஆழமற்ற குழியும் வெட்டிய கோடு போலவே நிழல் விழுத்தும். நேராக வீழ்த்தினால் உண்மையான கோடும் மங்கிப்போகும். மாதிரியின் முக்கோணங்களைக் குறைத்தாலோ பரப்பை மழுக்கினாலோ மெல்லிய வெட்டு கரைந்துபோகும். படத்தின் துகள் இரைச்சலை நீக்கும் கருவி, சிறு புள்ளியையும் இரைச்சலோடு சேர்த்துத் துடைத்துவிடக்கூடும். இவற்றில் எதுவும் மோசடி ஆகாது. இவை இல்லாமல் படமே ஆக்க முடியாது. குறை, இவற்றைச் சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது.

யாரும் தொடாமலே மாறும் அமைப்புகளும் உண்டு. கட்டணமில்லாமல் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஒளி அளவுகளைத் திரை நிறங்களாக மாற்றும் முறை, 2019-இல் வந்த 2.80 பதிப்பின் புதிய கோப்புகளில் இயல்பாகவே 'ஃபில்மிக்' என்று இருந்தது. 2023-இல் வந்த 4.0 பதிப்பில் அது 'ஏஜிஎக்ஸ்' ஆயிற்று. ஒரே மாதிரியையும் ஒரே ஒளியையும் இரு பதிப்புகளின் புதிய கோப்புகளில் இட்டால் நிழல்களின் அடர்த்தி ஒன்றாக இராது. "இயல்பான அமைப்புகளில் ஆக்கப்பட்டது" என்று எழுதும் ஆய்வாளர் எந்தப் பதிப்பின் இயல்பைச் சொல்கிறார்?

இதற்குத் தீர்வு எட்டாத தொலைவில் இல்லை. பிளெண்டருக்குள் பைத்தான் மொழி இயங்குகிறது. அதன் உள்ளமைப்பில் ஒவ்வொரு பொருளும் தன் பண்புகளின் பட்டியலைத் தானே தரும். அந்தப் பட்டியலை வரிசையாகப் படித்து, பெயரையும் மதிப்பையும் இணையிணையாக ஜேசான் வடிவில் எழுதிவைக்க ஏறத்தாழ 50 வரி நிரல் போதும். படவாக்க அமைப்புகள், நிறமாற்று முறை, கேமராவின் இடமும் குவிய நீளமும், ஒவ்வொரு விளக்கின் இடம், திசை, வலிமை, மாதிரியின்மேல் ஏற்றிய மாற்றிகள் ஆகிய அனைத்தும் அந்தக் கோப்பில் வரும். மென்பொருளின் சாளரத்தைத் திறக்காமலேயே நூறு கோப்புகளுக்கும் இதை ஒரே கட்டளையில் ஓட்டலாம். கிடைப்பது மனிதர் படிக்கும் எழுத்துக் கோப்பு. இருபது ஆண்டு கழித்துப் பிளெண்டர் இல்லாத கணினியிலும் அது திறக்கும்.

நிரல் எழுதுவோர் இரண்டு இடங்களில் வழுக்குவதுண்டு. முதலாவது, இயல்பு மதிப்பிலிருந்து மாறியவற்றை மட்டும் எழுதிவைப்பது. கோப்பு சிறியதாகும், ஆனால் இயல்பே பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் எழுதாமல் விட்டவை பின்னாளில் பொருளிழக்கும். எனவே எல்லா மதிப்புகளையும், தலைப்பில் பதிப்பு எண்ணையும் எழுத வேண்டும். இரண்டாவது, அலகு. திரையில் பாகையாகத் தெரியும் கோணத்தை நிரல் ரேடியனில் தரும். அலகைக் குறிக்காவிட்டால் படிப்பவர் ஒளியின் திசையையே தவறாகப் புரிந்துகொள்வார். இவற்றோடு, படத்துக்கு அடிப்படையான மாதிரிக் கோப்பின் அடையாளத் தொகையையும் சேர்த்துவிட்டால், எந்த மாதிரியிலிருந்து படம் வந்தது என்பதில் ஐயம் எழாது.

இதற்கு எழும் மறுப்புகள் பழகியவை. "மூலக் கோப்பையே தருகிறோமே" என்பது முதலாவது. தருவது நல்லதுதான், தருவோர் எத்தனை பேர் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது இருமக் கோப்பு. மென்பொருள் இன்றி அதைப் படிக்க இயலாது. இரண்டு படங்களுக்கிடையே என்ன மாறியது என்று அறிய, பல பலகங்களைத் திறந்து கண்ணால் தேட வேண்டியிருக்கும். எழுத்துக் கோப்புகள் இரண்டை ஒப்பிட்டால் மாறிய வரி உடனே தெரியும். "அமைப்புப் பலகத்தின் திரைப்படப்பிடிப்பு போதாதா" என்பது இரண்டாவது. ஒரு திரையில் அடங்குவது சிறு பகுதிதான். அதிலும் தேடவோ ஒப்பிடவோ வழியில்லை.

"படம் வெறும் விளக்கப்படம்; வாசிப்பு எங்களுடையது" என்ற மூன்றாவது மறுப்பே மிக ஆபத்தானது. அட்டையை அழகுபடுத்தும் படத்துக்கு இந்த வாதம் பொருந்தும். வாதத்தின் நடுவில் நின்று "பாருங்கள்" என்று கைகாட்டும் படத்துக்குப் பொருந்தாது. சான்றாக நிறுத்திய படம், வினா எழும்போது அலங்காரமாகிவிட முடியாது.

கல்வெட்டியல் இத்தகைய சோம்பலை வளர்த்த துறை அன்று. மைப்படி எடுத்தவர்கள் ஊரையும், கல் இருக்கும் இடத்தையும், ஆண்டையும், வரிசை எண்ணையும் எழுதிவைத்தார்கள். பதிப்பித்தவர்கள் ஐயமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் இட்டார்கள். மாங்குளம் கல்வெட்டுகளை இராபர்ட் சீவெல் 1882-இல் கண்டறிந்தார். அவ்வகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியது 1924-இல். பின்னர் மகாதேவன் நேரில் சென்று பாறைகளை மீண்டும் படித்தார். முந்தையவரின் வாசிப்பைப் பிந்தையவர் சோதித்துத் திருத்தியதால்தான் இந்தத் துறை வளர்ந்தது. அமைப்புகளை மறைத்த படத்தில் அந்தச் சோதனைக்கு வாசல் இல்லை. ஐயத்தைக் காட்டும் அடைப்புக்குறியும் அதில் இல்லை. எல்லாக் குழியும் ஒரே உறுதியோடு பளிச்சிடுகிறது.

பண்பாட்டு மரபின் கணினிக் காட்சிகளுக்கு இலண்டன் சாசனம் 2006-இலேயே வரையப்பட்டு, 2009-இல் திருத்திய பதிப்பும் வந்தது. காட்சியை ஆக்கும்போது எடுத்த முடிவுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் மையக் கோரிக்கைகளுள் ஒன்று. ஆகவே இது அன்னியமான புதுமையும் அன்று, நேற்று முளைத்த நிபந்தனையும் அன்று.

இதில் உழைப்பின் கேள்வியும் அடங்கியிருக்கிறது. பல திட்டங்களில் படத்தை ஆக்குபவர் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட இளைஞர். திட்டக் காலம் முடிந்ததும் அவர் போய்விடுவார். கோணமும் வலிமையும் அவர் நினைவோடு போய்விடும். நன்றியுரையில் அவர் பெயர் ஒரு வரியாக மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். அமைப்புக் கோப்பை வெளியிடுவது அவர் எடுத்த முடிவுகளை அறிவுப் பணியாக ஏற்பதும் ஆகும்.

செய்ய வேண்டியவை சில. ஆய்வேட்டில் சான்றாக வரும் ஒவ்வொரு ரெண்டரிங் படத்துக்கும் அமைப்புக் கோப்பு ஒன்று பின்னிணைப்பாக வேண்டும். ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறும்போது அதுவும் உடன் ஏற வேண்டும். சில கிலோபைட் அளவுள்ள எழுத்துக் கோப்புக்கு இடமில்லை என்று எந்த நூலகமும் சொல்ல இயலாது. ஒரே இடத்தை வேறு வேறு திசை ஒளியில் காட்டும் படங்கள் குறைந்தது நான்கையாவது இதழ்கள் கேட்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த ஒளி எங்கிருந்து விழுகிறது?" விடை கோப்பில் இல்லாவிட்டால், அந்தப் படத்தை நம்பி நிற்கும் வாசிப்பை ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.